கம்மாபுரம் வட்டாரத்தில் தகவல் தொழில்நுட்பப் பணி நுழைவு

கம்மாபுரம், கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் உள்ள ஊர். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கங்கள். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்தில் வேலை என்றாலே என்.எல்.சி. வேலைதான். நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதுதான் அடுத்த கேள்வி. 2016-இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது, கேள்வி மாறவில்லை. ஐ.டி. வேலை என்பது ஊர்ப் பேச்சுக்கு வந்து கால் நூற்றாண்டுதான் ஆகிறது. சென்னை தரமணியில் ஐ.டி. அலுவலகங்களுக்கான டைடல் பூங்கா திறந்தது 2000-இல்.

ஐ.டி. என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் உள்ளே இருப்பவை வேறுவேறு தொழில்கள். நிரல் எழுதுபவர் ஒருவர், எழுதியதைச் சோதிப்பவர் இன்னொருவர். நெட்வொர்க்கையும் சர்வரையும் படுக்காமல் பார்த்துக்கொள்பவர்கள் தனி. பயனாளரின் புகாரைக் கேட்டுத் தீர்க்கும் ஹெல்ப்டெஸ்க்கும் ஐ.டி.தான். இவற்றில் எது என்று தெளியாமல் "ஏதாவது கோர்ஸ்" என்று சேர்ந்துவிடுவதில்தான் முதல் பணம் வீணாகிறது.

படிப்பு

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணினி அறிவியல் இதில் சேராது என்பது அந்தப் பாடத்தை எடுத்த பிள்ளைகள் பலருக்குக் கவுன்சலிங் நெருங்கும்போதுதான் உறைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை தனியாக உண்டு. அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. விருத்தாசலத்துக்கு தினம் பஸ்ஸில் போய்வருகிற பிள்ளைக்கு அது சின்னத் தொகை அல்ல.

கலை, அறிவியல் படிப்புக்கு விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசுக் கல்லூரி, நெய்வேலி நகரியத்தில் ஜவஹர் அறிவியல் கல்லூரி, சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை எட்டும் தூரத்தில் உள்ளன. ஐ.டி.ஐ.யில் கோபா எனப்படும் ஓராண்டுக் கணினிப் பிரிவு உண்டு; இரண்டாண்டு ஐ.டி.ஐ. பிரிவு படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. சுற்று வழிதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்று நிற்கும்.

பட்டம் வேலை வாங்கித் தருவதில்லை. விண்ணப்பம் குப்பைக்குப் போகாமல் காக்கிறது. வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. 58 வாங்கியவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. சிறு நிறுவனங்கள் இந்தக் கோட்டைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் உருப்படியானது சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் இணையவழிப் பட்டம். ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரம் பாடம் கேட்டு, தகுதித் தேர்வு எழுதித் தேறினால் சேரலாம். பாடம் வீட்டிலிருந்து, தேர்வு மட்டும் மையத்துக்குப் போய். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். குடும்ப வருமானத்துக்கும் வகுப்புக்கும் ஏற்பக் கட்டணம் குறையும். பக்கத்துக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் உண்டு; கணிதத்தில் கை நடுங்குபவர்கள் முதல் படியிலேயே தடுமாறுவதும் உண்டு.

சான்றிதழ்

இந்தச் சொல் இங்கே பல பொருளில் புழங்குகிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சு, கணினி அலுவலகத் தானியக்கத் தேர்வுகள் அரசுத் தட்டச்சர் பணிக்கானவை; ஐ.டி. நிறுவனத்தில் அவற்றை யாரும் கேட்பதில்லை. கோர்ஸ் முடிந்ததும் பயிற்சி மையம் அச்சடித்துத் தரும் காகிதம் இன்னொன்று. அது வந்துபோனதற்கான ரசீது, அவ்வளவுதான். துறை மதிப்பது மூன்றாவது வகையை: தயாரிப்பு நிறுவனமோ தொழில் அமைப்போ நடத்தும் தேர்வில் தேறிப் பெறுவது.

நெட்வொர்க்குக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.; 2020 பிப்ரவரியிலிருந்து ஒரே தேர்வு, இரண்டு மணி நேரம், கட்டணம் 300 டாலர், மூன்றாண்டு செல்லும். கிளவுடுக்கு அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர், 100 டாலர். சோதனைப் பணிக்கு ஐ.எஸ்.டி.க்யூ.பி., கணினிப் பராமரிப்புக்கு காம்ப்டியாவின் ஏ பிளஸ். எதுவும் சிரஞ்சீவி அல்ல. ஒரு காலத்தில் எல்லாப் பயிற்சி மையப் பலகையிலும் மின்னிய மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.இ. 2021 ஜனவரியோடு ஓய்வுபெற்றது.

இவற்றில் ரெட் ஹேட் நடத்தும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. எதிரில் லினக்ஸ் ஓடும் கணினி. செய்ய வேண்டியவற்றின் பட்டியல். பயனர் கணக்கு தொடங்கு, வட்டைப் பிரித்து இணை, சேவையை ஓடவை. நேரம் முடிந்ததும் கணினி மறுபடி துவக்கப்பட்டு, அப்போதும் நிற்பவற்றுக்கே மதிப்பெண். வட்டை இணைத்தவர் எஃப்.எஸ்.டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுத மறந்தால், மறுதுவக்கத்துக்குப் பின் அந்த வட்டு அங்கே இருக்காது. வரியைத் தப்பாக எழுதினால் இன்னும் மோசம்: கணினியே எழுந்திருக்காமல் போகலாம், செய்த மற்ற வேலைகளும் அதோடு போச்சு. 300-க்கு 210 எடுக்க வேண்டும். மனப்பாடம் செய்து தேற முடியாத தேர்வு என்பதால்தான் நேர்காணலில் அதற்கு மரியாதை.

கட்டணம் கட்டுமுன் கற்பதற்குப் பெரும்பாலும் காசு வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், விரும்பினால் தேர்வுக்கு மட்டும் பணம். சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருளில் ரவுட்டர் ஒன்றுகூட வாங்காமல் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகலாம். 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இத்தகைய பாடங்களைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்துள்ளது. 300 டாலர் தேர்வைக் கடன் வாங்கி முதலில் எழுதி, பிறகு கைப்பழக்கம் தேடுவது தலைகீழ் வரிசை.

அனுபவம்

அனுபவம் இருந்தால் வேலை, வேலை இருந்தால் அனுபவம் என்ற முட்டுச்சந்தை உடைக்க இந்த வட்டாரத்தில் கைக்கெட்டும் வழி 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம். என்.எல்.சி. இந்தியா ஆண்டுதோறும் எடுக்கும் பழகுநர்களில் ஃபிட்டர், வெல்டரோடு கோபா படித்தவர்களுக்கான பாசா என்ற கணினிப் பிரிவும் இருக்கிறது; கணினி அறிவியல் பொறியாளர்களுக்கும் பி.சி.ஏ. போன்ற பட்டதாரிகளுக்கும் தனி இடங்கள் உண்டு. ஓராண்டு, உதவித்தொகையுடன். முடித்துவிட்டாலே அங்கே வேலைக்கு உரிமை வந்துவிடாது. யாரை எடுப்பது என்ற கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 2014 திருத்தம். ஆனால் நிஜ அலுவலகத்தில், நிஜ கணினிகளோடு ஓராண்டு இருந்ததற்கான சான்று வேறெங்கும் செல்லும்.

பிளஸ் டூவோடு நேராக நுழையும் வழிகளும் உண்டு. ஸோஹோ 2005-இல் தொடங்கிய பள்ளி கட்டணம் வாங்காமல் உதவித்தொகை தந்து கற்பிக்கிறது. எச்.சி.எல். 2017-இல் தொடங்கிய டெக்பீ திட்டத்தில் கட்டணம் உண்டு. பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை விப்ரோ வேலையில் வைத்துக்கொண்டே மேற்படிப்பு படிக்க வைக்கிறது. பதிலுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை முழுக்கப் படிப்பது நல்லது.

எந்த வழியில் போனாலும் முதல் இருக்கை பெரும்பாலும் ஹெல்ப்டெஸ்க்கின் எல் ஒன் நிலை. கடவுச்சொல் மறந்தவர், பிரிண்டர் ஓடாதவர் என்று புகார்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கெடுவுக்குள் தீர்த்து, மூட வேண்டும். டிக்கெட் என்பார்கள். விருத்தாசலம் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். தொண்ணூறு நாளில் தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் ராஜினாமா கொடுத்துப் பிராதை முடிக்க வேண்டும். திறப்பது, கெடு, முடிப்பது மூன்றும் அங்கேயே இருக்கின்றன. கம்பெனியில் கெடு நான்கு மணி நேரம், ராத்திரி ஷிஃப்டிலும்.

குறுக்கு வழி விற்பவர்களும் உண்டு. "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று முன்பணம் கேட்பவர் ஒரு வகை. மூன்று வருட அனுபவக் கடிதம் தயாரித்துத் தருகிறவர் இன்னொரு வகை. சேர்ந்த பின் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணைப் போட்டால், எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று தெரிந்துவிடும். இல்லாத கம்பெனி அதில் இருக்காது. ஆறு மாதம் வேலை பார்த்த பிறகும் மேசையைக் காலி செய்யச் சொல்வார்கள்.

ஐ.டி. அலுவலகங்கள் சென்னைக்கு வெளியேயும் வருகின்றன: 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பெயரைக் கேட்டு விருத்தாசலத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்குகிறவர் அங்கிருந்து கிழக்கே பஸ் பிடிக்க வேண்டும். பூங்கா இருப்பது வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில், புதுச்சேரிக்குப் பக்கமாக.