பாஸ்டர், சிதம்பரம் ஆன கதை

சிதம்பரம் என்றதும் கடலூர்க்காரர்களுக்கு நடராஜர் ஞாபகம்தான் வரும். சிங்கப்பூரில் சொந்தபந்தம் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்... கப்பல் ஞாபகம் வரும்!

எம்.வி. சிதம்பரம் பிறந்தது 1966-ல், பிரான்சில். அப்போது பெயர் ‘பாஸ்டர்’. ஆமாம், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தாரே, அதே விஞ்ஞானியின் பெயர்தான். தென் அமெரிக்காவுக்குச் சொகுசாகப் போய் வந்த அதன் பிழைப்பை விமானம் கெடுத்தது. 1972-ல் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, உள்ளே அடுக்குப் படுக்கைகள் போட்டு, பெயரையும் மாற்றியது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர். ஒரே நடையில் ஆயிரம் பேருக்கு மேல்!

யோசித்துப் பாருங்கள். விமானத்தால் வேலையிழந்த கப்பல்தான், விமானம் ஏற வசதியில்லாத நம் ஜனங்களைச் சுமந்தது.

1984 பிப்ரவரியில் நடுக்கடலில் தீ. பலர் இறந்தார்கள். அடுத்த வருஷம் கப்பலையே உடைத்துவிட்டார்கள். அதற்கு வயது 19 கூட ஆகவில்லை.