கையில் தொழில், கருத்தில் இறைவன்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மில் பலருக்கு ஓர் ஏக்கம் உண்டு. குலதெய்வத்தின் சந்நிதி அண்மையில் இல்லை. தேரும் திருவிழாவும் கண்ணிற் படுவதில்லை. அலுவலும் அடுப்புமாகப் பொழுது கழிந்து விடுகிறது. இத்தகைய வாழ்வில் பக்திக்கு இடம் ஏது என்று மனம் தளர்கிறது. அப்போது நாம் நினைத்துப் பார்க்கத் தக்கவர் நாமதேவர்.

அவர் வாழ்ந்த காலம் 1270 முதல் 1350 வரை என்பது மரபு. மராட்டிய நாட்டில் தையற்றொழில் புரியும் குடியிற் பிறந்தவர். பண்டரிபுரத்து விட்டலனுக்கு ஆட்பட்டவர். பின்னாளில் வடக்கே சென்று, பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்திலுள்ள குமான் என்னும் சிற்றூரில் பல்லாண்டுகள் தங்கினார் என்று அப்பகுதி மக்கள் நம்புகின்றனர். குரு அர்ஜன் தேவர் 1604-ஆம் ஆண்டில் தொகுத்த ஆதி கிரந்தத்திலே நாமதேவரின் பாடல்கள் 61 இடம்பெற்றுள்ளன.

அவற்றுள் ஒன்றில் அவர் அன்றாடக் காட்சிகள் சிலவற்றைக் காட்டுகிறார். காற்றாடி விடும் சிறுவன் தோழரோடு பேசினாலும், அவன் கருத்து நூலை விட்டு அகல்வதில்லை. நீர்க்குடம் சுமக்கும் மகளிர் சிரித்துப் பேசினாலும், குடத்தை மறப்பதில்லை. வீட்டு வேலையில் ஈடுபட்ட தாயின் நெஞ்சமோ தொட்டிலிலேயே இருக்கிறது. இறைநினைவும் இத்தகையதே என்பது அவர் கருத்து. துணிக்குச் சாயமிட்டுக்கொண்டு காலம் கழிப்பானேன் என்று திரிலோசனர் அவரைக் கேட்டதாகவும், கைகால்கள் தொழில் செய்யட்டும், உள்ளம் இறைவனிடம் இருக்கட்டும் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்ததாகவும் கபீரின் பாக்கள் கூறுகின்றன. தொழிலைத் துறந்தால்தான் பக்தி என்பது அவர் கொள்கையன்று.

இவ்வாறு விழிப்போடு இருப்பவருக்கு நன்றியுணர்வு தானே வந்து சேரும். கவனம் இல்லாதவன் பெற்றதைக் காண்பதில்லை; காணாததற்கு நன்றி செலுத்துவது எவ்வாறு? பண்டரிபுரம் கோயில் வாயிலின் முதற்படி 'நாமதேவர் படி' எனப்படுகிறது. அடியார்களின் பாததூளி தம்மீது படவேண்டும் என்று அவர் விரும்பியதாக வழங்கும் செய்தி, அந்நன்றியின் பணிவையே காட்டுகிறது.

நன்றி ஒருபுறம் மட்டும் நின்றுவிடவில்லை. வந்தவரின் பாடலைப் பஞ்சாப் தன் மறைநூலில் வைத்துப் போற்றியது. 2015-ஆம் ஆண்டில் அகில இந்திய மராட்டி இலக்கிய மாநாடு குமானிலேயே கூடியது. நாமும் வந்து தங்கிய ஊரின் நீரையும் சோற்றையும் அண்டை வீட்டாரின் அன்பையும் கருத்தோடு ஏற்போமாயின், அந்த ஊரே நமக்கும் சந்நிதியாகும்.