ஈஸ்ட்டின் வடிகால்



"ஞாபகக் கட்டுரை நிறைய வந்துடுச்சு சார், நீங்க உங்க பாடத்துலேர்ந்து ஏதாவது எழுதுங்க" என்று மலர்க்குழு நண்பர் சொல்லிவிட்டார். என் பாடம் உயிரியல். அதில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு ஈஸ்ட்டைப் பற்றியது. கள்ளைப் பொங்க வைப்பதும் பேக்கரி ரொட்டியை உப்ப வைப்பதும் இந்த ஈஸ்ட்தான்.

1949-இல் பாரிஸில் போரிஸ் எஃப்ருஸ்ஸி ஈஸ்ட்டை வளர்த்தபோது, பெரிய கூட்டங்களுக்கு நடுவே சில குட்டையாகவே நின்றுவிட்டதைக் கண்டார். சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் அப்படி இருக்கும். அக்ரிஃப்ளேவின் என்ற சாயத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே குட்டை! அவை சர்க்கரையை நொதிக்க வைத்துப் பிழைத்தன, ஆனால் சுவாசிக்கும் சக்தி இல்லை. பிரெஞ்சில் 'பெட்டீட்', அதாவது சிறியது, என்று பெயர் வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு என்பது 1960-களில் உறுதியான பிறகுதான் இந்தக் குட்டைகளின் ரகசியம் விளங்கியது. அந்த டி.என்.ஏ. கெட்டோ தொலைந்தோ போயிருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த பியோத்தர் ஸ்லோனிம்ஸ்கி 1922-இல் வார்சாவில் பிறந்தவர். 1944-இல் அந்த நகரம் ஹிட்லர் படையை எதிர்த்து எழுந்தபோது அதில் கலந்துகொண்டவர். பிறகு பிரான்ஸுக்கு வந்து ஆயுள் முழுவதும் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவோடே கழித்தார். 1980-இல் அவர் குழு சொன்னது வேடிக்கையான சங்கதி. ஜீனுக்கு நடுவே வரும் 'இன்ட்ரான்' வேண்டாத துண்டு என்று வெட்டி எறியப்படுவது. அப்படிப்பட்ட ஒரு துண்டே, தன்னை வெட்டுவதற்கு உதவும் புரதத்துக்குக் குறிப்பும் வைத்திருந்தது!

சரி, வெட்டிய துண்டு எங்கே போகிறது? என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கேள்வி. நம் பாடப்புத்தகங்கள் ஆர்.என்.ஏ. உண்டாவதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும், அழிவதை ஒரு வரியில் முடித்துவிடும். ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. சுமார் 86,000 எழுத்து நீளம். மனிதனுடையது 16,569தான். இவ்வளவு நீளத்திலிருந்து ஈஸ்ட் பெறுவது எட்டே எட்டு முக்கியப் புரதங்களும் சில ஆர்.என்.ஏ.க்களும். மிச்சத்தில் பெரும்பகுதி இன்ட்ரானும் இடைவெளியும். நீண்ட ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, வெட்டி, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை ஒழித்தாக வேண்டும்.

ஒழிக்கும் ஆள் மெல்லத்தான் பிடிபட்டார். 1992-இல் ஸ்டெப்பியன், பியூட்டோ முதலியோர் 'சுவ்-3' என்ற ஜீனை அடையாளம் கண்டார்கள். அதன் புரதம் ஏ.டி.பி.யைச் செலவழித்து ஆர்.என்.ஏ. முடிச்சைப் பிரிப்பது. அது பழுதானால் வெட்டிய இன்ட்ரான் போகாமல் குவிகிறது. 1995-இல் வார்சா குழு 'டி.எஸ்.எஸ்.-1' என்ற கூட்டாளியைக் கண்டது. இது ஆர்.என்.ஏ.வை வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தின்கிறது. ஒருவர் பிரித்து ஊட்ட, மற்றவர் அரைக்கிறார். நம்ம மில்லில் நெல் போடுகிறவரும் மெஷினும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2018-இல் இந்த ஜோடியின் வடிவமே படமாக வெளிவந்தது.

இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் குப்பை சேருவதோடு முடிவதில்லை. வேண்டிய ஆர்.என்.ஏ.வும் சரியாகத் தயாராவதில்லை. கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வே தொலைகிறது. செல் பழையபடி 'பெட்டீட்'தான்.

2006-இல் வந்த முடிவு நம்மூர்க்காரனுக்கு உடனே புரியும். அழிக்கும் ஜோடி பழுதான செல்லில், ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் புரதங்களும் கொஞ்சம் மந்தமானால் செல் பிழைத்துக்கொண்டது! 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியபோது சம்பா வயலில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடிகால் அடைத்துக்கொண்டால் வருகிற தண்ணீரையாவது குறைக்க வேண்டும். வானத்துக்கு ஷட்டர் கிடையாது, செல்லுக்கு உண்டு.

இங்கே நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம். அங்கே 1952-இல் பிறந்து, 2009-இல் ரைபோசோமுக்காக நோபல் பரிசு பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழுதான், தப்பிப் பிழைத்த ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் கட்டும் ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமை 2014-இல் பாதியும் 2017-இல் முழுதுமாகப் படம் பிடித்தது.

மனிதனிடமும் சுவ்-3 இருக்கிறது. ஆனால் கூட்டாளி வேறு, பி.என்.பேஸ் என்ற நொதி. அதன் ஜீன் பழுதான சில குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் செவிட்டுத்தன்மை வருவதை 2012-இல் கண்டார்கள். 2018-இல் இன்னொன்றும் தெரிந்தது. அழியாமல் சேர்ந்த இரட்டை இழை ஆர்.என்.ஏ. மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே கசிந்தால், செல் அதை வைரஸ் என்று எண்ணிப் போருக்குக் கிளம்பிவிடுகிறது.