ஜாக் கைல்: கணக்கேட்டில் அகப்படாத ஆட்டக்காரர்

அயர்லாந்துக்காக 46 ஆட்டங்கள். போட்ட ட்ரை (எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றுவது) 7. எடுத்த புள்ளி மொத்தம் 24. ஜாக் கைல் பெயரில் எழுதப்பட்ட வரவு இவ்வளவுதான். இருந்தும், அயர்லாந்து ரக்பி கண்ட ஆட்டக்காரர்களிலேயே தலைசிறந்தவர் இவர் என்று 2002-இல் அந்நாட்டு ரக்பி சங்கம் தேர்ந்தது. புள்ளிகளை மட்டும் எண்ணுகிறவருக்கு இது புதிராகத்தான் இருக்கும்.

1926-இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த கைல், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும்போதே, 1947-இல், அயர்லாந்து அணிக்கு வந்துவிட்டார். தீவு இரண்டாகப் பிரிந்த பிறகும் ரக்பி அணி பிரியவில்லை என்பதால், வடக்கத்திக்காரரான இவர் தெற்கத்திக்காரர் கார்ல் முல்லனின் தலைமையில் ஆடினார்.

கைலின் இடம் ஃப்ளை-ஹாஃப். முன்வரிசையினர் முட்டிமோதி மீட்கும் பந்து ஸ்க்ரம்-ஹாஃப் வழியாக இவர் கைக்கு வரும். ஓடுவதா, உதைப்பதா, பக்கத்து ஆளுக்குத் தள்ளுவதா? எதிரணியினர் மேலே வந்து விழுவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். கைல் பெரும்பாலும் எதிரணியின் முதுகுக்குப் பின்னே, மூலை பார்த்து உதைப்பார். அவர்கள் திரும்பி ஓடிப் பந்தைக் குனிந்து எடுப்பதற்குள் சக ஆட்டக்காரர்கள் மெக்கேயும் மெக்கார்த்தியும் பாய்ந்து வந்திருப்பார்கள். அதில் விளையும் ட்ரை வேறொருவர் கணக்கில் ஏறும். இவர் பந்தோடு ஓடியது குறைவு. அதனாலேயே ஓடியபோது தடுக்க ஆள் தயாராக இருந்ததில்லை.

1948-இல் அயர்லாந்து முதன்முறையாக கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆண்டுத் தொடரின் எல்லா ஆட்டங்களையும், வென்றது. அது சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. ட்விக்கன்ஹாமில் கைல் வீசிய பந்தொன்றை இங்கிலாந்தின் கெஸ்ட் இடைமறித்து ட்ரையாக்கிவிட, 11–10 என்று மயிரிழையில் தப்பினார்கள். மார்ச் 13 அன்று பெல்ஃபாஸ்ட்டின் ரேவன்ஹில் மைதானத்தில் வேல்ஸை 6–3 என வென்றபோது, வெற்றிக்கான ட்ரையைப் போட்டவர் முன்வரிசை ஆட்டக்காரர் ஜாக் டேலி. அடுத்த கிராண்ட் ஸ்லாமுக்கு அயர்லாந்து 2009 வரை, 61 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

1950-இல் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் லயன்ஸ் அணியோடு நியூசிலாந்து சென்று, டனீடினில் 9–9 எனச் சமனில் முடிந்த முதல் டெஸ்டில் ஒரு ட்ரை போட்டார். 1958-இல் அயர்லாந்துக்கான கடைசி ஆட்டம். ரக்பியில் அன்று சம்பளம் கிடையாது. பிழைப்புக்குத் தொழில் தனியே வேண்டும். கைலுக்கு அது அறுவை மருத்துவம். சிலகாலம் சுமத்ராவிலும், பிறகு ஜாம்பியாவின் செப்புச் சுரங்க ஊரான சிங்கோலாவில் முப்பதாண்டுகளுக்கு மேலும் கத்தி பிடித்தார். 2000-இல் ஊர் திரும்பி, 2014-இல் மறைந்தார். ஆடிய காலத்தைப்போல மூன்று மடங்கு காலம் அவர் சிங்கோலாவில் வேலை பார்த்திருக்கிறார்.