கிணற்று நீரும் ஒளியின் வேகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடே நிலத்தினுள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. அந்நீரை முன்னாளில் துலாவினாலும் பின்னாளில் இயந்திரத்தினாலும் இறைத்தே இங்குள்ள கமக்காரர் புகையிலையும் வெங்காயமும் விளைவித்து வந்துள்ளனர். கிணற்றடியிலிருந்து பாத்திக்கு ஓடும் வாய்க்காலைச் சிறிது நேரம் உற்று நோக்கியவர் ஓர் உண்மையைக் கண்டிருப்பர். நடுவிலே மிதக்கும் சருகு விரைந்து செல்லும். கரையோரத்துச் சருகு பின்தங்கிச் செல்லும். கரையைத் தொட்டிருக்கும் நீர் தன் அயலிலுள்ள நீரைப் பின்னிழுக்கின்றது. அது தனக்கு அடுத்த நீரைப் பின்னிழுக்கின்றது. பாய்பொருளின் உள்ளே நிகழும் இந்த உராய்வைப் பௌதிக நூலார் பாகுநிலை என்பர். கிணற்று நீரிலே அது சிறிது. ஆறிய பனம்பாணியிலே அது மிகப் பெரிது.

வாய்க்காலிற் காணும் இவ்வெளிய உண்மையை ஒளியின் வேகத்தோடு இணைத்துச் சமன்பாடாக எழுத முற்பட்டபோது, இருபதாம் நூற்றாண்டின் அறிஞர் எதிர்பாராத ஓர் இடர்ப்பாட்டில் அகப்பட்டனர். எழுதிய சமன்பாடு அழகாக இருந்தது, பெருநூல்களிலும் இடம்பெற்றது. ஆயின் அதனை நம்பினால், கிணற்றிலே அசையாது நிற்கும் நீர் ஒரு கணமேனும் அவ்வாறு நிற்க இயலாது என்ற முடிபு கிடைத்தது. அவ்விடர்ப்பாடு எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு தீர்ந்தது என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான ஓர் அதிகாரம். அதற்கு அயலான ஒரு துறையில், அதே காலத்தில், அதனை ஒத்த நோயொன்றை ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் என்பது நம் நாட்டவர் அறிந்து மகிழத்தக்கது.

பாய்பொருளின் உராய்வைக் கணக்கில் அடக்கும் சமன்பாடுகளைப் பிரான்சிலே நவியர் 1822ஆம் ஆண்டிலும், இங்கிலாந்திலே ஸ்டோக்ஸ் 1845ஆம் ஆண்டிலும் வகுத்தனர். உராய்வு எவ்வளவு என்பதை அளந்தே இட்டுக்கொள்ள வேண்டியிருந்தது; அது ஏன் உண்டாகின்றது என்ற வினா தீராது நின்றது. அவ்வினாவுக்கு வாயுக்களைப் பொறுத்தவரை விடை கூறியவர் ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

அவருடைய கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஊர்காவற்றுறைக் கடலில் இரண்டு வள்ளங்கள் அருகருகே ஒரே திசையிற் செல்கின்றன. ஒன்று விரைவாகவும் மற்றது மெதுவாகவும் செல்கின்றது. வள்ளத்திலுள்ளோர் தத்தம் மூடைகளை மற்ற வள்ளத்திற்கு மாறி மாறி எறிகின்றனர் எனக் கொள்வோம். விரைவான வள்ளத்திலிருந்து வந்து விழும் மூடை மெதுவான வள்ளத்தை முன்னே தள்ளும். மெதுவான வள்ளத்திலிருந்து வரும் மூடை விரைவான வள்ளத்தைத் தாமதிக்கச் செய்யும். இடையிலே கயிறு இல்லை; ஆயினும் இரண்டும் ஒரே வேகத்தை நாடுகின்றன. வாயுவின் அடுக்குகளே அவ்வள்ளங்கள். அடுக்குவிட்டு அடுக்குத் தாவும் மூலக்கூறுகளே மூடைகள். உராய்வு என்று புறத்தே தோன்றுவது உண்மையில் உந்தத்தின் கொடுக்கல் வாங்கலே.

1860ஆம் ஆண்டில் வெளியான இக்கணிப்பு வியப்பான ஒரு முடிபைத் தந்தது. காற்றை ஐதாக்கினாலும் அதன் பாகுநிலை குறைவதில்லை. மூடைகள் சிலவாகும்போது ஒவ்வொன்றும் மோதாமல் நெடுந்தூரம் செல்லும். தொலைவிலிருந்து வருவதால் கூடிய வேக வேறுபாட்டைச் சுமந்து வரும். ஆகவே ஒன்றின் குறைவை மற்றதன் மிகுதி ஈடுசெய்கின்றது. மாக்ஸ்வெல்லுக்கே இது நம்புதற்கு அரிதாய் இருந்தது. அவர் தம் இலண்டன் இல்லத்தில் வட்டத் தகடுகளைக் காற்றிலே ஊசலாடவிட்டு அளந்தார். அறையின் வெப்பநிலை மாறாதிருக்க அவர் மனைவி கதரீன் தீயைப் பேணி உதவினார். 1866ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வளவீடு கணிப்பை உறுதிப்படுத்தியது.

1872ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த போல்ட்ஸ்மன், எவ்விடத்தில் எவ்வேகத்தோடு எத்தனை மூலக்கூறுகள் செல்கின்றன என்ற பரம்பல், மோதல்களினால் எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கூறும் சமன்பாட்டை அமைத்தார். 1916, 1917ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாப்மனும் சுவீடனின் என்ஸ்கொக்கும் ஒருவரையொருவர் சாராது அதற்குத் தீர்வு காணும் முறையை வகுத்தனர். வாயு சமநிலைக்கு அண்மையில் இருக்கின்றது என்று கொண்டு, அதனினின்றும் உள்ள சிறு விலகலைப் படிப்படியாகக் கணிப்பதே அம்முறை. விலகல் இல்லையெனக் கொண்டால் உராய்வற்ற பாய்பொருளின் சமன்பாடு கிடைக்கும். முதற்படி விலகலைச் சேர்த்தால் நவியர், ஸ்டோக்ஸ் ஆகியோரின் சமன்பாடு தானே வந்து நிற்கும். மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்து பாய்பொருளின் விதிகளை வருவிக்கும் இந்நெறியே இயக்கப்பண்புக் கொள்கை எனப்படுவது.

இதற்கிடையில், 1905ஆம் ஆண்டில், ஐன்ஸ்டைன் சார்புக் கொள்கையை வெளியிட்டிருந்தார். எப்பொருளும் எச்செய்தியும் ஒளியினும் விரைந்து செல்ல இயலாது என்பது அதன் கட்டளை. அவ்வாறு செல்லுமாயின், நோக்குபவர் சிலருக்கு விளைவு முந்தியும் காரணம் பிந்தியும் தோன்றும். 1911ஆம் ஆண்டில் யூற்னர் என்பவர், ஒளிவேகத்தை அணுகும் மூலக்கூறுகளைக் கொண்ட வாயு சமநிலையில் எவ்வாறு இருக்கும் என்பதைக் கணித்தார். சமநிலையில் உராய்வு இல்லை. உராய்வையும் வெப்ப ஓட்டத்தையும் சார்புக் கொள்கைக்கு இயைய எழுதியவர் அமெரிக்கரான எக்கார்ட், ஆண்டு 1940. பின்னர் இரசிய அறிஞரான லண்டாவும் லிவ்சிட்சும் தம் புகழ்பெற்ற நூலில் சிறிது வேறான ஒரு வடிவத்தைத் தந்தனர். வெப்பத்துக்கும் திணிவு உண்டு என்பதே சார்புக் கொள்கையின் முடிபு. ஆகவே பாய்பொருளின் ஓட்டம் என்று துகள்களின் ஓட்டத்தைக் கொள்வதா, ஆற்றலின் ஓட்டத்தைக் கொள்வதா என்ற வினா எழுந்தது. எக்கார்ட் முன்னதைக் கொண்டார். மற்றவர் பின்னதைக் கொண்டனர்.

இரு வடிவங்களிலும் ஒரு குறை உறைந்திருந்தது. அடுத்தடுத்த அடுக்குகளின் வேகங்கள் வேறுபட்ட அக்கணமே உராய்வு விசை முழுமையாகத் தோன்றிவிடும் என்று அவை கொண்டன. இதன்படி ஓரிடத்து நேர்ந்த அசைவின் பயன், எவ்வளவு சிறிதாயினும், எல்லையற்ற தொலைவிலும் அக்கணமே தோன்றவேண்டும். பழைய பௌதிகத்தில் இது பொறுக்கத்தக்க குறை. சார்புக் கொள்கையிலோ இது அடிப்படைக்கே முரண்.

இங்கேதான் யாழ்ப்பாணத்தை நினைக்கவேண்டும். 1918ஆம் ஆண்டிற் பிறந்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வழியாகக் கேம்பிரிட்ஜ் சென்று, நோபல் பரிசு பெற்ற டிராக்கின் மாணவரானார். அவர் ஆராய்ந்தது பாய்பொருளை அன்று; தனியொரு இலத்திரனை. வேகம் மாறும் இலத்திரன் கதிர்வீசும். வீசிய கதிரின் எதிர்விளைவு அவ்விலத்திரனைத் தாக்கும். அதுவும் உராய்வைப் போன்ற ஒரு தடையே. அத்தடையைச் சார்புக் கொள்கைக்கு இயைய டிராக் 1938ஆம் ஆண்டிற் சமன்பாடாக்கியிருந்தார். அதன் தீர்வுகளிற் சில விபரீதமானவை. விசை யாதும் இன்றியே இலத்திரன் தானாக வேகம் பெருக்கி ஒளிவேகத்தை நோக்கி ஓடும். அவற்றை விலக்க முயன்றால், விசை வந்து சேர்வதற்குச் சற்று முன்னரே இலத்திரன் அசையத் தொடங்கும். ஒரு செக்கனை, 1க்குப் பின் 23 சுழிகள் கொண்ட எண்ணாற் பங்கிட்டால் வரும் கால அளவே அம்முந்துகை. சிறிதெனினும் விளைவு காரணத்தை முந்துவது முந்துவதே.

எலியேசர் 1943ஆம் ஆண்டில் ஐதரசன் அணுவை எடுத்துக்கொண்டார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரன் அதனை ஒருபோதும் அடையாது, இடைவழியில் திரும்பி, மேன்மேலும் வேகம் பெற்று அகன்றோடும் என்று தம் ஆசிரியரின் சமன்பாடு கூறுவதை அவர் நிறுவினார். ஈர்க்கும் பொருளைவிட்டு ஈர்க்கப்படும் பொருள் விலகியோடுவது இயற்கைக்கு ஒவ்வாதது. பெரும்புகழ் படைத்த ஆசிரியரின் சமன்பாடு அத்தகைய முடிபைத் தருகின்றது என்பதை இளம் மாணவர் ஒருவர் கணக்கினாற் காட்டி அச்சேற்றினார். குறை கூறிய அளவில் அவர் அமையவில்லை. 1948ஆம் ஆண்டில், முடுக்கத்தின் மாற்றத்துக்குப் பதிலாகப் புறவிசையின் மாற்றத்தைக் கொண்டு தடையைக் கூறும் வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். அதிலே தானாக வேகம் பெருகும் நோய் இல்லை.

பாய்பொருளின் நோய்க்கும் மருந்து காலத்தைக் கருதுவதிலேயே கிடைத்தது. இரு துறைகளின் கணிதம் வேறாயினும் நோயின் குணம் ஒன்றே. மூடை எறியும் வள்ளங்களை மீண்டும் நினைத்தால் வழி புலப்படும். மூடை இடைவெளியைக் கடக்கச் சிறிது நேரம் ஆகும். அதற்கு முன் மற்ற வள்ளம் அதனை உணராது. அவ்வாறே வாயுவில் மூலக்கூறுகள் மோதி உந்தத்தைப் பரிமாற ஒரு கால அளவு வேண்டும். உராய்வு விசை அக்காலத்திற் படிப்படியாகவே வளரும். 1949ஆம் ஆண்டில் ஹரல்ட் கிராட், உராய்வையும் வெப்ப ஓட்டத்தையும் தமக்கெனச் சமன்பாடுகள் உடைய தனிக் கணியங்களாகக் கொண்டு போல்ட்ஸ்மனின் சமன்பாட்டை ஆளும் முறையைக் காட்டினார். 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூலர் அதே கருத்தை வெப்பவியலின் வழியே அடைந்தார். கனடாவின் வேர்னர் இஸ்ரேலும் கேம்பிரிட்ஜின் ஜோன் ஸ்டூவர்ட்டும் இவ்விரண்டையும் இணைத்து, சார்புக் கொள்கைக்குட்பட்ட வாயுவின் இயக்கப்பண்பிலிருந்து முழுமையான சமன்பாடுகளை வருவித்து 1979ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பழைய வடிவத்தின் கேடு எத்துணைப் பெரிது என்பதை ஹிஸ்கொக்கும் லிண்ட்புளொமும் 1985ஆம் ஆண்டில் எண்ணாற் காட்டினர். எக்கார்ட்டின் சமன்பாட்டைச் சாதாரண வெப்பநிலையிலுள்ள நீருக்கு இட்டுப் பார்த்தபோது, நீரிலே தோன்றும் மிகச் சிறிய அசைவும் கட்டின்றி வளர்ந்துவிடும் என்று கண்டனர். அதற்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனை, 1க்குப் பின் 34 சுழிகள் கொண்ட எண்ணாற் பங்கிட்டால் வருவது. கிணற்று நீரோ ஊழிக்காலமாய் அமைதியாக நிற்கின்றது. நூலோரின் சமன்பாட்டுக்கும் வாளியிலுள்ள நீருக்கும் வழக்கு நேர்ந்தபோது நீரே வென்றது. இஸ்ரேல், ஸ்டூவர்ட் ஆகியோரின் சமன்பாடுகள் தக்க நிபந்தனைகளுக்கு உட்பட்டு அத்தகைய கேடு இன்றி நிற்பதையும் அவ்விருவரே 1983ஆம் ஆண்டில் ஆராய்ந்து நிறுவியிருந்தனர்.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் சிறப்பான பங்கு உண்டு. மோதல்களின் கணிதம் மிகச் சிக்கலானது. ஒரு குறித்த காலத்தில் துகள்கள் சமநிலைக்குத் திரும்ப முற்படும் என்று கொண்டு அதனை எளிதாக்கும் முறையை, இராசத்தானத்துக் கோட்டாவிற் பிறந்த பிரபுலால் பட்நாகர், குரோஸ், குரூக் என்போருடன் சேர்ந்து 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் அவர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியற் கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். அம்முறையின் சார்புக் கொள்கை வடிவத்தைக் கொண்டு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் உராய்வுடைய பாய்பொருளின் சமன்பாடுகளைப் புதிதாக வருவித்தனர்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று எண்ணியிருந்தோர்க்கு 2000ஆம் ஆண்டின் பின் விடை கிடைத்தது. அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வுகூடத்தில் பொன்னின் அணுக்கருக்கள் ஒளிவேகத்தை அணுகிய வேகத்தில் மோதவிடப்பட்டன. அம்மோதலில் அணுக்கருப் பொருள் உருகித் தோன்றும் சிறு துளி, பல இலட்சம் கோடி பாகை வெப்பமுடையது. அது வாயுவைப்போற் சிதறும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, நீர்மத்தைப்போலவே பாய்ந்தது. மிகச் சிறிதான பாகுநிலையையே அது காட்டியது என்று 2005ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எலியேசரின் ஆய்வில் வந்த நுண்ணிய காலத்தை ஒத்ததே அத்துளியின் ஆயுளும். அவ்வளவு குறுகிய வாழ்வில் உராய்வு வளர எடுக்கும் காலத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆகவே 1979ஆம் ஆண்டின் சமன்பாடுகளும் அவற்றின் வழிவந்தவையும் கணினிகளில் ஏறின. ஓட்டத்தை வேறு வகையில் வரையறுத்தால் எக்கார்ட்டைப் போன்ற எளிய வடிவத்தையும் நோயின்றி அமைக்கலாம் என்று 2018, 2019ஆம் ஆண்டுகளில் சிலர் காட்டினர். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

எலியேசர் 1949ஆம் ஆண்டு முதல் 1959ஆம் ஆண்டு வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக இருந்தார். பின்னர் மலாயாவிலும், 1968ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவின் லா துரோப் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்து, 2001ஆம் ஆண்டிற் காலமானார். அவருடைய 1948ஆம் ஆண்டுச் சமன்பாட்டைப் போர்ட், ஓகொனெல் என்னும் இருவர் 1991ஆம் ஆண்டில் வேறு வழியாக அடைந்தனர். இன்று அது மூவர் பெயராலும் வழங்குகின்றது. செறிந்த லேசர் ஒளியிலே இலத்திரன்கள் படும் தடையைக் கணிப்போர் அதனை எடுத்தாள்கின்றனர். அவ்வாறு கதிர்வீசும் இலத்திரன் கூட்டத்துக்கு இயக்கப்பண்புக் கொள்கையின் வழியே பாய்பொருட் சமன்பாடுகளை வருவிக்கும் ஆய்வுகளும் உள. தனித்துகளின் தடையும் பாய்பொருளின் உராய்வும் அங்கே ஒரே கணக்கிற் சந்திக்கின்றன.

பருத்தித்துறை வகுப்பறையொன்றிலிருந்து புறப்பட்டவர் உலகப் பேரறிஞர் ஒருவரிடம் பாடம் கேட்டார். கேட்ட பாடத்தை இறுதிவரை கணித்து, பிழையான விடை வந்தபோது அதனை மறைக்காது எழுதினார். கிணற்றடி வாய்க்காலில் மிதந்து செல்லும் சருகைக் கண்டு, அது ஏன் பின்தங்குகின்றது என்று கேட்கும் சிறுவர் இன்றும் குடாநாட்டில் இருப்பர். அக்கேள்வியை இறுதிவரை கேட்க அவர்களுக்கு இடம் கொடுப்பது ஆசிரியர் கடன். பெற்றோர் கடனும் அதுவே.