மனோராவுக்கு ஒரு நாள் பயணம்: கல்லில் இருக்கும் ஆண்டு

ஏழாம் வகுப்பு படிக்கும்போது மனோராவைப் பற்றிக் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினேன். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். கட்டுரையின் முதல் வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1815-இல் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம் மனோரா என்று ஆரம்பித்திருந்தேன். வாத்தியார் சொன்னதுதான். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

போன வருஷம் வேறு எதையோ தேடும்போது, மனோராவில் பதித்திருக்கும் ஆங்கிலக் கல்வெட்டின் வாசகம் ஒரு பழைய புத்தகத்தில் கண்ணில் பட்டது. அதில் வாட்டர்லூ என்ற பெயரே இல்லை. ஆண்டு 1814 என்று இருந்தது. வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூன் 18. நடக்கப்போகும் போருக்கு முன்கூட்டியே கோபுரம் கட்ட முடியுமா என்ன? அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று விட்டுவிட மனசு வரவில்லை. கல்லையே நேரில் பார்த்துவிடலாம் என்று தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து கிளம்பினேன். என் பத்து வருஷத்து ஸ்ப்ளெண்டர், பின்னால் என் தாய்மாமா. மாமாவுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த ஊர். "கல்லைப் பாக்கவா போற? கடலைப் பாக்கலாம் வா மாப்ளே" என்று ஏறிக்கொண்டார்.

பெரிய கோயிலை ஒட்டி ஓடும் புது ஆற்றைத் தாண்டித்தான் தெற்கே போக வேண்டும். கல்லணைக் கால்வாய் என்பது ஏட்டில் இருக்கும் பெயர், ஊருக்குள் அது புது ஆறுதான். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய், சுமார் 148 கிலோமீட்டர் நீளம். சூரக்கோட்டை தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பா அறுப்புக்குத் தயாராக நிற்கிறது. பாதி இடங்களில் ரோட்டிலேயே நெல்லைக் காயப் போட்டிருக்கிறார்கள். பைக்கில் வருகிறவன் ஓரமாக, மெதுவாக, திட்டு வாங்காமல் போகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பச்சையைப் பார்த்து 'சோழர் காலத்து வயல்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் பழைய டெல்டா இதற்கு வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குக் காவிரித் தண்ணீர் பெருமளவில் வந்தது புது ஆறு வெட்டிய பிறகுதான். மாமாவின் அப்பா பையனாக இருந்தபோது ஏரித் தண்ணீரையும் மழையையும் நம்பித்தான் இங்கே சாகுபடி. சரபோஜி காலத்தில் இந்த வழியாக ராமேஸ்வரத்துக்கு நடந்து போன யாத்திரிகர் பார்த்த ஊர் வேறு ஊர். வெயிலும் வறட்சியும் இருந்ததால்தான் வழியெல்லாம் சத்திரங்கள் வேண்டியிருந்தன.

அதில் பெரியது ஒரத்தநாட்டில் இருக்கும் முக்தாம்பாள் சத்திரம். முக்தாம்பாள் சரபோஜியின் பட்டத்து ராணி அல்ல, ஆசைநாயகி. சாகும் தறுவாயில் தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று அவள் கேட்டதாகச் சொல்வார்கள். ஊருக்கே கொஞ்ச காலம் முக்தாம்பாள்புரம் என்று பெயர் இருந்தது. கட்டடத்தைத் தேர் மாதிரி வடித்திருக்கிறார்கள். கல்லில் சக்கரம், இழுத்துக்கொண்டு பாயும் குதிரைகள்.

வண்டியை நிறுத்தியதும் மாமா இறங்கி ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகுதான் சொன்னார்: "நான் இங்கதாண்டா படிச்சேன். ஹாஸ்டல். மணி அடிச்சா தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம்." இத்தனை வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. 1970-களில், வீட்டில் ஐந்து பிள்ளைகள், படிக்க வைக்க வழியில்லாமல் தாத்தா கொண்டுவந்து விட்ட இடமாம் இது.

இங்கே ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1799 அக்டோபரில் சரபோஜி கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். போட்டார் என்பதைவிடப் போட வைக்கப்பட்டார் என்பது சரி. நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு. தஞ்சைக் கோட்டையும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும், கூடவே ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும் ராஜாவுக்கு. அப்போது அவருக்கு வயது 22. அதிகாரம் போனதைப் பற்றி அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஆனால் 1801 ஜனவரியில் தஞ்சாவூர் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். விஷயம் சத்திரங்கள்தான். அவற்றின் மானியங்களில் கை வைத்துவிடாதீர்கள் என்பது அதன் சாரம். ராமேஸ்வரம் போகிறவர், வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு, கைக்குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், பிள்ளை பெறும் பெண்ணுக்குப் பராமரிப்பு, வழியில் செத்தவருக்கு அவரவர் முறைப்படி காரியம் என்று வரிசையாக எழுதுகிறார். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிடுவார்களாம். இந்தத் தருமத்தால் கிடைக்கும் பெயர்தான் தன் பதவிக்கு உரிய பெரிய கௌரவம் என்றும் சொல்கிறார். தன்னைப் பற்றி ராஜாவே எழுதிய கடிதம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும், எல்லாம் பறிபோன நேரத்தில் அவர் மல்லுக்கு நின்றது எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும்.

சத்திரங்கள் தப்பித்தன. 1855-இல் வாரிசு இல்லை என்று சொல்லி அரசையே கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகும் தப்பித்தன. பின்னாளில் மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திரம் நிர்வாகம் என்று ஒரு தனிப் பிரிவே வந்து, அந்த நிலங்களின் வருமானத்தில் பள்ளியும் விடுதியும் நடந்தன. மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தச் சோற்றுக்குத்தான். கடிதத்தில் வரும் நடுராத்திரி மணியைப் பற்றி அவரிடம் சொன்னேன். "நமக்கு ராத்திரி ஏழரைக்கே முடிஞ்சிடும்" என்றார்.

பாப்பாநாட்டில் ஒரு டீ. பட்டுக்கோட்டையை நெருங்க நெருங்க வயல் குறைந்து தென்னை ஏறுகிறது. ஆனால் நடுநடுவே குட்டை மரங்களாக, ஒரே வயசில் நிற்கும் தோப்புகள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துப் போட்ட இடங்கள் அவை. மாமா தோப்பில் நின்றது பதினொரு மரம். மறுபடி வைத்த கன்று இப்போதுதான் பாளை விடுகிறதாம். அந்தப் பேச்சை அவரும் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அதிராம்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ராசாமடம் வழியாகத் தெற்கே திரும்பினோம். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மல்லிப்பட்டினத்துக்கு முன்னால் இடது பக்கம் மனோரா.

ஆறு பட்டையில், எட்டு அடுக்காக, மேலே போகப் போகச் சிறுத்து, சுமார் 75 அடி உயரம். சுற்றிலும் மதில், அகழி. மனோரா என்பது ஏதோ ராணியின் பெயர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. மராத்தியில் அந்தச் சொல்லுக்குக் கோபுரம் என்றுதான் அர்த்தம். எதிரே இருக்கும் பாக் நீரிணையை முதன்முறை பார்ப்பவர் ஏமாந்து போவார், அலையே இல்லை. ஏரி மாதிரி கிடக்கிறது. ஆழம் குறைவான, கடற்புல் மண்டிய இந்தக் கடலில்தான் ஆவுளியா மேய்கிறது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள்.

கல்வெட்டுக்கு வருகிறேன். புத்தகத்தில் பிழை இல்லை. பிரிட்டிஷ் அரசின் நண்பரும் நேசருமான சரபோஜி மகாராஜா, பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இந்தத் தூணை எழுப்பினார் என்பது அதன் பொருள். ஆண்டு 1814.

அது வாட்டர்லூ அல்ல. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்து, எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டான். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்னைக்கு வர நாலு முதல் ஆறு மாதம் ஆகும். அந்தச் செய்தி 1814-இன் பிற்பாதியில் தஞ்சாவூருக்கு வந்திருக்கும். போனபார்ட் ஒழிந்தான் என்று ராஜா கல் வெட்டச் சொல்லியிருக்கிறார். ஆனால் 1815 பிப்ரவரி கடைசியில் நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பி, மார்ச் 20-ஆம் தேதி பாரிசுக்குள் நுழைந்துவிட்டான்! கோபுர வேலை 1815-லும் நடந்தது என்று சொல்கிறார்கள். அப்படியானால் இங்கே கொத்தனார் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தபோது, 'வீழ்ந்தவன்' அங்கே மறுபடி அரியணையில். வாட்டர்லூ பிறகு நடந்து, கல்வெட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. 1815 என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆண்டு என்பதால், பின்னால் வந்தவர்கள் கோபுரத்தையும் அதனோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாமா கேட்டார்: "அவன் எங்கயோ தோத்தா நம்ம ராஜாவுக்கு என்ன மாப்ளே?"

நியாயமான கேள்வி. ஆனால் நெப்போலியன் தஞ்சாவூருக்கு அவ்வளவு அந்நியன் இல்லை. சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798. அதே வருஷம் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். பிரெஞ்சுக்காரன் வருகிறான், திப்பு அவனோடு சேருகிறான் என்ற பயத்தைக் காட்டித்தான் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி தெற்கைச் சுருட்டினார். 1799 மே மாதம் திப்பு விழுந்தார், அக்டோபரில் தஞ்சை ஒப்பந்தம். அதாவது, எவனைக் காரணம் காட்டித் தன் நாட்டை வாங்கிக்கொண்டார்களோ, அவனுடைய வீழ்ச்சிக்கு ராஜா தன் பங்குப் பணத்தில் கோபுரம் கட்டியிருக்கிறார். முகஸ்துதி என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. சத்திரத்து மானியம், சரஸ்வதி மகால் ஏடுகள், இன்னும் கையில் மிஞ்சியதெல்லாம் ரெசிடெண்டின் நல்லெண்ணத்தில் நின்ற காலம். நண்பர், நேசர் என்று கல்லில் எழுதி வைப்பது ஒரு வகையில் காப்பீடு. இதற்கு ஆவணம் எதையும் நான் காட்ட முடியாது, என் ஊகம்தான்.

இதையெல்லாம் மல்லிப்பட்டினத்தில் மீன் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொல்லி முடித்தேன். மாமா முள்ளை ஒதுக்கியபடி கேட்டார்:

"அப்ப நீ எழுதுனது தப்புதான?"

"தப்புதான் மாமா."

"டம்ளரைத் திருப்பிக் குடுத்துருவியா?"

"அம்மா அதுலதான் மோர் குடிக்கிறாங்க."

"அப்ப விடு" என்றார். திரும்பும்போது ஒரத்தநாட்டில் மறுபடி நிறுத்தச் சொன்னார். மணி ஏழரை ஆகியிருந்தது.