ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் முதல் விரிவாக்கமும் வணிகக் கொள்கையும்

ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் முதல் விரிவாக்கம் 1973 சனவரி 1 அன்று நடைபெற்றது. ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து, டென்மார்க் ஆகியவை இணைந்ததால் உறுப்பு நாடுகள் ஆறிலிருந்து ஒன்பதாக உயர்ந்தன. சமூகம் எந்தெந்த நாடுகளுக்கு எத்தகைய வணிகச் சலுகை அளித்தது என்பதையும் இவ்விரிவாக்கம் மாற்றியது.

பின்னணி

1957 இல் கையெழுத்தான ரோம் உடன்படிக்கை வெளிநாட்டு வணிகக் கொள்கையை உறுப்பு நாடுகளின் பொதுப்பொறுப்பாக்கியது. ஆணையம் பேச்சுவார்த்தை நடத்தும். அமைச்சர்கள் மன்றம் அதற்கு அனுமதியும் இறுதி ஒப்புதலும் வழங்கும். 1968 சூலை 1 முதல் வெளியிலிருந்து வரும் பொருட்களுக்கு ஆறு நாடுகளும் ஒரே சுங்கவரியை விதித்தன.

பிரித்தானியாவோ 1932 ஒட்டாவா உடன்பாடுகள் முதல் தன் பேரரசு நாடுகளின் பொருட்களுக்கு வரிச்சலுகை அளித்து வந்தது. பொதுச் சுங்கவரியை ஏற்றால் இச்சலுகை நீங்கும். எனவே நியூசிலாந்தின் வெண்ணெய், கரிபியன் தீவுகளின் கரும்புச் சர்க்கரை ஆகியவற்றின் சந்தை கேள்விக்குள்ளானது.

விளைவுகள்

நியூசிலாந்தின் வெண்ணெய், பாலாடைக்கட்டி இறக்குமதிக்கு ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு, இணைப்பு உடன்படிக்கையிலேயே சேர்க்கப்பட்டது.

அதுவரை யவுண்டே உடன்பாட்டின் கீழ் பெரும்பாலும் முன்னாள் பிரெஞ்சு, பெல்சியக் குடியேற்றங்களே சலுகை பெற்றன. 1975 பெப்ரவரி 28 அன்று கையெழுத்தான லோமே உடன்பாடு இவ்வட்டத்தை 46 ஆப்பிரிக்க, கரிபியன், பசிபிக் நாடுகளாக விரித்தது. ஆண்டுக்குச் சுமார் 13 இலட்சம் டன் சர்க்கரையை உறுதியளித்த விலையில் வாங்கவும் சமூகம் ஒப்புக்கொண்டது. இதில் மிகப்பெரிய பங்கு மொரிசியசுக்குக் கிடைத்தது.

இந்தியா, இலங்கை, பாக்கித்தான், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஆசிய நாடுகள் இவ்வட்டத்தில் சேர்க்கப்படவில்லை. வணிக உறவை வளர்க்கும் நோக்கத்தை அறிவிக்கும் கூட்டறிக்கை ஒன்றே இணைப்பு உடன்படிக்கையுடன் வெளியானது. பின்னர் இந்தியாவுடன் 1973 இலும் இலங்கையுடன் 1975 இலும் தனித்தனி வணிக உடன்பாடுகள் ஏற்பட்டன. ஆயினும் லோமே நாடுகள் பெற்ற அளவிலான சலுகை இவற்றில் இல்லை. ஒரே பேரரசின் கீழ் இருந்த நாடுகள் இவ்வாறு இரு பிரிவாயின.

பிற்கால விரிவாக்கம்

1986 இல் எசுப்பானியாவும் போர்த்துகலும் இணைந்தபோது இதற்கு நேர்மாறான சிக்கல் எழுந்தது. எசுப்பானியாவில் தானிய இறக்குமதி வரி உயர்ந்ததால் ஐக்கிய அமெரிக்கா இழப்பீடு கோரியது. 1987 உடன்பாட்டின்படி எசுப்பானியா ஆண்டுக்கு 20 இலட்சம் டன் மக்காச்சோளமும் 3 இலட்சம் டன் சோளமும் இறக்குமதி செய்ய வழி செய்யப்பட்டது. புதிய உறுப்பினர் தன் பழைய வணிக உறவுகளோடு பழைய வணிகச் சிக்கல்களையும் கூட்டமைப்புக்குள் கொண்டுவருவதை இவ்விரு விரிவாக்கங்களும் காட்டுகின்றன.